சாயமாக நின்ற செல்வி

ஆரணியில் போய் இறங்கியபோது நான் நல்ல மனநிலையில்தான் இருந்தேன். கோபம் அங்கே போன பிறகு வந்தது. வந்தது இன்னும் போகவில்லை. இதைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நான் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவள். அங்கே ஒரு வணிகக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். எங்கள் துறைக்கு ஐரோப்பாவிலிருந்து எரிக் என்ற பேராசிரியர் வந்திருந்தார். தன் ஆராய்ச்சிக்காக மாணவர்களை அழைத்துக்கொண்டு ஆரணிக்குப் போகிறேன், தமிழ் தெரிந்த ஒருவர் கூட வர வேண்டும் என்றார். துறையில் தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்திதான். அப்படியே ஒரு பட்டுப்புடவை எடுத்துக்கொண்டு வரலாம் என்று நானும் தலையாட்டிவிட்டேன்.

ஊர் நெருங்கும் நேரத்தில் வேனின் பெல்ட் அறுந்தது. ஓட்டுநர் இறங்கிப் போய் முன்பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "பேஜார் புடிச்ச வண்டிங்க இது. கொஞ்சம் நெழல்ல நில்லுங்க, ஜல்தியா முடிச்சிர்றேன்" என்றார். வெயில் உச்சிக்கு வரும்வரை முடியவில்லை. சிங்கப்பூராக இருந்தால் இதற்குள் மூன்று பேர் புகார் கொடுத்திருப்பார்கள். இங்கே எதிரே களத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தவர்கள் எங்கள் எல்லோருக்கும் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். எரிக் வரப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வண்டி நின்றதுகூட நமக்கு ஒரு செய்திதான் என்று மாணவர்களிடம் சொன்னார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அப்போதே உஷாராகி இருக்க வேண்டும்.

எரிக்கின் முறைக்கு ‘சிஸ்டமிக் கான்ஸ்டெலேஷன்’ என்று பெயர். பெயர்தான் வாயில் நுழையாது, விஷயம் எளிது. ஒரு சிக்கலை எடுத்துக்கொள்வார்கள். அதில் சம்பந்தப்பட்ட ஒவ்வொன்றுக்கும் பதிலாக ஓர் ஆளை நிற்கவைப்பார்கள். ஒருவர் ஆறு, ஒருவர் தொழிற்சாலை, ஒருவர் வாடிக்கையாளர், ஒருவர் இனிமேல் பிறக்கப்போகும் பிள்ளைகள். நடிக்கக் கூடாது, யோசிக்கவும் கூடாது. உடம்பு எங்கே போகச் சொல்கிறதோ அங்கே போய் நிற்க வேண்டும். யார் யாருக்குப் பக்கத்தில் நிற்கிறார், யார் யாருக்கு முதுகு காட்டுகிறார் என்பதைப் பார்த்து, சிக்கலின் முடிச்சு எங்கே இருக்கிறது என்று நடத்துகிறவர் சொல்வார். குடும்பச் சண்டைகளைப் புரிந்துகொள்வதற்காக வந்த முறை இது. இப்போது சுற்றுச்சூழல் ஆராய்ச்சிக்கும் வணிகப் பாடத்துக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

வகுப்பறையில் நான் இதை ஒருமுறை பார்த்திருக்கிறேன், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஓர் அலுவலகக் கட்டடத்தின் மின்சாரச் செலவைப் பற்றிய பாடம். ஒரு மாணவி துப்புரவுப் பணியாளராக நின்றாள். சிறிது நேரம் கழித்து, "இங்கே ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை" என்றாள். கட்டடத்தின் விளக்குகளை எப்போது அணைப்பது என்று நிஜத் துப்புரவுப் பணியாளரைக் கேட்க வேண்டும் என்று அதற்குப் பிறகுதான் எங்களுக்குத் தோன்றியது. ஆக, யோசிக்கத் தூண்டும் பயிற்சி அது. அதன் பிறகு நாங்கள் போய்க் கேட்டோம், அளந்தோம், கணக்குப் போட்டோம். ஆரணியில் இந்தப் பின்பாதியைத்தான் காணோம்.

சிக்கல் இதுதான். பட்டுப் புடவை விற்கும் ஒரு பெரிய நிறுவனம் ஆரணியில் நெசவாளர்களிடம் புடவை நெய்து வாங்குகிறது. அதற்கான நூலுக்கு ஊரிலேயே ஒரு சாயப்பட்டறை சாயம் போட்டுத் தருகிறது. சாயம் கலந்த தண்ணீர் பின்பக்கத்துக் குழியில் தேங்குகிறது. இனி அப்படி விடக் கூடாது என்று நிறுவனம் முடிவு செய்துவிட்டது, அது சரிதான். பட்டறையிலேயே தண்ணீரைச் சுத்தம் செய்யும் தொட்டி கட்டிக்கொடுப்பதா, அல்லது சாயவேலையை மொத்தமாக வேறு ஊரில் இருக்கும் பெரிய ஆலைக்குக் கொண்டுபோய்விடுவதா என்பதுதான் கேள்வி. கொண்டுபோனால் பட்டறையை மூட வேண்டியதுதான். எது நல்லது என்று ஆராய்ந்து சொல்லும் பொறுப்பை எரிக்கிடம் கொடுத்திருந்தார்கள்.

மறுநாள் காலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்து ஓட்டலில் சாப்பிடப் போனோம். எரிக் பால், நெய் எதுவும் தொடமாட்டார். நெய் இல்லாமல் பொங்கல் கிடைக்குமா என்று கேட்கச் சொன்னார். பரிமாறியவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நெய் இல்லாம இன்னா பொங்கல் மேடம். அது கஞ்சி. வேணும்னா இட்லி வெக்கிறேன்" என்றார். மாணவர்கள் வடையை ஒரு கை பார்த்தார்கள். சிங்கப்பூரில் எங்கள் உணவங்காடியில் மூன்று வெள்ளி, அதாவது மூன்று டாலர், கொடுத்து வாங்கும் வடையைப் பற்றி இனிமேல் நான் பேசுவதாக இல்லை.

நிறுவனம் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருந்தது. மேடையில் முந்தைய முகூர்த்தத்தின் சிவப்பு நாற்காலிகள் இரண்டும் அப்படியே கிடந்தன. நெசவாளர்கள், நூல் வியாபாரிகள், சாயப்பட்டறை ஆட்கள் என்று கூட்டம் சேர்ந்தது. நிறுவனத்தின் சார்பில் சென்னையிலிருந்து சரவணன் என்ற மேலாளர் வந்திருந்தார். மாணவி ஒருத்தி கையைத் தூக்கி, "குழியில் இருக்கும் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பலாமா?" என்று கேட்டாள். எரிக் கனிவாகச் சிரித்து, "அது வேறு வகை அறிவு. இன்று நாம் உடம்பின் அறிவை நம்புவோம்" என்றார். அந்தப் பெண் கையை இறக்கிக்கொண்டாள்.

பிறகு எரிக் கூட்டத்துக்குள் நடந்து விரல் நீட்டி ஆட்களைத் தேர்ந்தெடுத்தார். ஒரு நூல் வியாபாரி ஆறு ஆனார். ஒரு மாணவன் சந்தை ஆனான். முனிரத்தினம் என்ற ஐம்பது வயது நெசவாளர் தறி ஆனார். பட்டறையில் சாயம் ஏறிய பட்டு நூலை உதறிக் காயப்போடுகிற செல்வி சாயம் ஆனார். உடம்பு சொல்கிற இடத்தில் போய் நில்லுங்கள் என்று நான் மொழிபெயர்த்தேன். முனிரத்தினம் நேராக நடுவில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். செல்வி அவரைப் பார்த்ததும் விருட்டென்று மூலைத் தூணுக்குப் பின்னால் போய், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

எரிக்கின் கண்கள் விரிந்தன. மெதுவாகச் செல்வியிடம் போய், தறியைத் திரும்பிப் பார்க்க முடியுமா என்று கேட்டார். நான் கேட்டுச் சொன்னேன். செல்வி தலையை ஆட்டினார், "வேணாங்க, நான் இங்கியே நிக்கிறேன்" என்றார். முனிரத்தினத்திடம் சாயத்தைப் பார்த்தால் என்ன தோன்றுகிறது என்று கேட்டார். "நான் எங்க பாத்தேன்? நான் வாசப்பக்கம்தான பாத்துகினு இருக்கிறேன்" என்றார் அவர். மொத்தக் கூட்டத்துக்கும் கேட்கும்படி எரிக் ஆங்கிலத்தில் அறிவித்தார்: "சாயத்துக்கும் தறிக்கும் உறவு முறிந்துவிட்டது. சாயம் இந்த இடத்தைவிட்டுப் போக விரும்புகிறது." மாணவர்கள் தரையைப் பார்த்தார்கள். சிலருக்குக் கண்ணீர்கூட வந்தது. எனக்கும் உடம்பு ஒரு மாதிரி ஆனது என்பதை மறைக்கவில்லை. சரவணன் மட்டும் கைப்பேசியில் எதையோ தட்டினார்.

மத்தியானம் எல்லோருக்கும் பிரியாணி போட்டார்கள். செல்வி தூர வரிசையில் பட்டறைப் பெண்களோடு உட்கார்ந்து, வாய் நிறையப் பேசிக்கொண்டு சாப்பிட்டார். காலையில் அப்படி இறுகி நின்றவர் இவர்தானா என்று எனக்கு ஒரு குழப்பம் வந்தது. எரிக்கிடம் சொன்னேன். "வெளியே வந்துவிட்டதால் லேசாகிவிட்டார்" என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

மூன்றாம் நாள் மாணவர்களும் எரிக்கும் திருமலை சமணக் கோயிலையும் குகையையும் பார்க்கப் போனார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. பட்டறையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஷேர் ஆட்டோவில் ஏறினேன். என் இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள். நான் யார் என்று தெரியாமல் என் தலைக்கு மேலேயே பேசிக்கொண்டார்கள்.

"மண்டபத்துல ஒரு வெள்ளக்காரரு எல்லாரையும் நிக்க வெச்சாராமே, எதுக்காம்?"

"யாருக்குத் தெரியும். நிக்க வெச்சி நிக்க வெச்சி பாத்துகினே இருந்தாராம்."

"சாப்பாடு போட்டாங்களா?"

"பிரியாணியாம்."

"அப்ப சரி, போ."

பாதி வழியில் ஆட்டோ பஞ்சர். மிச்ச தூரம் நடந்தேன். பட்டறை தகரக் கூரை போட்ட ஒரு நீளமான கொட்டகை. வாசலில் மூங்கில் கழிகளில் மஞ்சளும் அரக்குமாகப் பட்டு தொங்கியது. செல்வி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, "வாங்க மேடம், டீ சொல்லட்டுமா?" என்றார்.

டீ வந்ததும் நேராகவே கேட்டேன். நேற்று ஏன் அப்படித் திரும்பி நின்றீர்கள்?

செல்வி என்னைப் பார்த்து முழித்தார். "அது எங்க மூத்தாருங்க. எங்க வூட்டுக்காரரோட கூடப் பொறந்த அண்ணன். அவரு எதுக்க எப்பிடி நிப்பேன்?"

எனக்கு உடனே புரியவில்லை. கொட்டகையே சிரித்தது. மூத்த பெண் ஒருவர் விளக்கினார். கணவனின் அண்ணன் முன்னால் தம்பி மனைவி நேருக்கு நேர் நிற்பதில்லை, பேர் சொல்வதில்லை, பேசுவதாக இருந்தால்கூட நடுவில் யாரையாவது வைத்துத்தான் பேசுவார்கள். "இப்பல்லாம் யாரும் அவ்ளோ பாக்கறது இல்ல. இவங்க வூட்ல மட்டும் இன்னும் பாக்கறாங்க" என்றார். செல்வி வெட்கமாகச் சிரித்து, "நல்ல மனுசங்க அவரு. எம் பொண்ணுக்கு காலேஜ் சீட்டுக்கு அலைஞ்சதே அவருதான்" என்றார். என் கணவரின் அண்ணன் எங்கள் வீட்டு சோபாவில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு என்னிடம் காபி கேட்கிறவர். இப்படி ஒரு வழக்கம் இருக்கும் என்று எனக்கு எப்படித் தோன்றும்? எரிக்குக்கு எப்படித் தோன்றும்? கேட்டால்தானே தெரியும். ஒரே ஒரு கேள்வி, ஒரு டீ நேரம்.

பிறகு விஷயத்தைச் சொன்னேன். நீங்கள் திரும்பி நின்றதை வைத்து, சாயவேலை ஊரைவிட்டுப் போக விரும்புகிறது என்று எழுதப்போகிறார்கள், பட்டறையை மூடச் சொல்லப்போகிறார்கள் என்றேன். சிரிப்பு நின்றது.

"நான் செவுத்தப் பாத்து நின்னதுக்கா?" என்றார் செல்வி. "பொண்ணு ரெண்டாவது வருசம் படிக்கிதுங்க."

நான் டீயைக் குடித்து முடிக்கவில்லை.

சாயங்காலம் லாட்ஜில் எரிக்கைப் பிடித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வருத்தப்படுவார், தலையில் அடித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் மலர்ந்தது. "அற்புதம். இத்தனை பேர் இருக்கும்போது, பார்த்துக்கொள்ளக் கூடாத அந்த இரண்டு பேரே ஏன் சாயமாகவும் தறியாகவும் அமைந்தார்கள்? நாம் நிற்கவைக்கும் களத்துக்கே ஓர் அறிவு உண்டு. அந்தக் களம்தான் அவர்களைத் தேர்ந்தெடுத்தது" என்றார்.

"களம் தேர்ந்தெடுக்கவில்லை. நீங்கள் விரல் நீட்டினீர்கள்" என்றேன்.

"என் விரலை நீட்டவைத்தது எது?"

இந்த இடத்தில்தான் எனக்குத் தலைக்கேறியது. திரும்பி நின்றால் உறவு முறிந்தது என்பார். நேராக நின்றால் உறவு மலர்ந்தது என்பார். காரணம் வேறு என்று நிரூபித்தால், அந்தக் காரணமே சாட்சி என்பார். எந்தப் பக்கம் போனாலும் தோற்காத ஒன்றை ஆராய்ச்சி என்று எப்படிச் சொல்வது? தோற்றுப்போகத் தயாராக இருப்பதற்குத்தானே ஆராய்ச்சி என்று பெயர். வகுப்பில் விளையாடுங்கள், யார் வேண்டாம் என்றார்கள்? அங்கே தவறாகப் போனால் மதிப்பெண் போகும். இங்கே ஒரு பெண்ணின் பிழைப்பு போகும். இதையெல்லாம் அவரிடம் கத்தினேன். லாட்ஜ் மேனேஜர் படியேறி வந்து, "ஒண்ணும் பிரச்னை இல்லியே மேடம்?" என்று கேட்டார். பிரச்சினை இருக்கிறது என்றேன். அவர் மரியாதையாகக் கீழே இறங்கிப் போனார்.

சரவணனுக்கும் போன் செய்தேன். பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றது புரியுது மேடம். எனக்கு மேல கேக்கறாங்க, எனக்கு ஒரு முடிவு வேணும். காரணம் எதுவா இருந்தா இன்னா? ப்ரொஃபசர் எழுதறதத்தான் நான் அனுப்ப முடியும்." தண்ணீரையாவது பரிசோதித்தீர்களா, தொட்டிக்கு என்ன செலவாகும் என்று பார்த்தீர்களா என்று கேட்டேன். அதெல்லாம் அடுத்த கட்டம் என்றார்.

கடைசி நாள் மண்டபத்தில் முடிவு சொல்லும் கூட்டம். எரிக் பேச ஆரம்பிப்பதற்குள் முனிரத்தினம் எழுந்தார். வெள்ளை வேட்டி, கையில் மடித்த துண்டு. சேதி அவருக்கும் போயிருந்தது. செல்வி அவருக்குப் பின்னால் நாலு வரிசை தள்ளி நின்றார். முனிரத்தினம் செல்விக்குச் சொல்ல வேண்டியதையும் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"மேடம், அதாண்ட சொல்லுங்க. நடுவுல வந்து நிக்கட்டும். நான் வெளிய போறேன். நான் இருக்கறதாலதான அதால நிக்க முடியல."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு வெளியே போய், செருப்பு விடும் இடத்தில் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். தம்பி மனைவியின் வேலைக்காக ஒரு மனிதர் மண்டபத்தைவிட்டு வெளியே போனார், அவ்வளவுதான் நடந்தது.

எரிக்குக்கு அதெல்லாம் தெரியவில்லை. தறி தானாக இடம் விடுகிறது என்று மாணவர்களிடம் கிசுகிசுத்தார். முனிரத்தினத்தின் இடத்தில் ஒரு மாணவனை ஓடிப்போய் நிற்கச் சொன்னார். செல்வி நடுவுக்கு வந்தார். அந்த மாணவனுக்கு எதிரே, நிமிர்ந்து, நேருக்கு நேர் நின்றார். பையன் கூச்சத்தில் சிரித்தான். செல்வியும் சிரித்தார். எரிக் இரண்டு கைகளையும் நெஞ்சில் வைத்துக்கொண்டார். அவர் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது, அதில் நடிப்பு இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. "சாயம் திரும்பிவிட்டது. அது இங்கேயே இருக்க விரும்புகிறது" என்றார்.

சரவணன் கடிகாரத்தைப் பார்த்தார். மத்தியானத்துக்குள் அவர் பக்கத்து ஊரான சேத்துப்பட்டுக்குப் போக வேண்டும். "அப்ப தொட்டி கட்டலாம்னு போட்டுக்கலாமா சார்?" என்றார். நான் ஆங்கிலத்தில் சொன்னதும் எரிக் தலையசைத்தார். முடிந்தது. நான் கத்தியதற்கு அசையாத முடிவு, ஒரு பையனைப் பார்த்து ஒரு பெண் சிரித்ததில் மாறிவிட்டது.

பட்டறைப் பெண்கள் எரிக்கைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் அவர் தோளில் பட்டுத் துண்டு போர்த்தினார். சார் தங்கமான மனுசரு என்று அவரிடம் சொல்லுங்கள் என்றார்கள். நான்தான் சொல்ல வேண்டும். சொன்னேன், ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னேன். தொட்டி வந்தால் சந்தோஷம்தான், பட்டறை மூடாதது எனக்குப் பெரிய நிம்மதிதான். ஆனால் மூடச் சொன்ன அதே மடத்தனம்தான் மூட வேண்டாம் என்றும் சொன்னது. குழித் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று அன்றைக்கும் யாருக்கும் தெரியாது. இதைப் பற்றி எழுதப்போகும் ஆராய்ச்சிக் கட்டுரையில் கூட்டு ஆசிரியராக என் பெயரையும் போடுவதாக எரிக் சொன்னார். மூத்தார் வெளியே போனதையும் எழுதுவீர்களா என்று கேட்டேன். அது தனிப்பட்ட குடும்ப விஷயம் என்றார். என் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

புடவை எடுக்கவில்லை. கடைக்குப் போகிற மனசு இல்லை. பெட்டியை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தபோது செல்வி பின்னாலேயே வேகமாக வந்தார். நன்றி சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்து, நான் ஒன்றும் செய்யவில்லை என்று ஆரம்பித்தேன். அவர் என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார். சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இவங்க மறுபடியும் வருவாங்களா மேடம்?"

வரலாம் என்றேன். அடுத்த வருடம் வேறு மாணவர்கள், வேறு கேள்வி.

"அப்ப எந்தப் பக்கம் பாத்து நிக்கணும்னு இப்பவே சொல்லிட்டுப் போங்க. பட்டறையில எல்லாருக்கும் சொல்லிக் குடுத்துட்றேன்."